இடது பின் சக்கரம்

இதையெல்லாம் எழுத நீ யார் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவதோடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கம்பெனியில் பழுதான உதிரிப் பாகங்களில் கட்டுகிற சீட்டுகளில் ஓரிரு சொல்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், முகம் தெரியாத பலர் படிப்பதற்காக ஒரு மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டு வாசற்கதவு காற்றுக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஓர் இரும்புத் துண்டை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவரைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

அது ஒரு காரின் ஹப். சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் பாகம். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலமான தட்டு, அதில் சக்கரம் மாட்டுகிற போல்ட்டுகள், நடுவில் சக்கரம் தடையில்லாமல் சுழல்வதற்கான பேரிங். நல்ல ஹப்பை ஒரு விரலால் சுற்றிவிட்டால் சுற்றுவதே தெரியாது. என் வீட்டில் இருப்பதைச் சுற்றினால் வாய்க்குள் மணல் போட்டு மென்றதுபோல் கரகரக்கும். அதன் கழுத்தில் ஒரு மஞ்சள் சீட்டு கட்டியிருக்கிறது, வெளுத்துவிட்டது. பேரன் வரும்போதெல்லாம் அதை எடுத்துத் தரையில் உருட்டுவான். "எத்தனை தடவை சொல்றேன், இந்தப் பழைய இரும்பைக் காயலான் கடைக்காரன்கிட்ட போடக் கூடாதாம்மா, புள்ள கால்ல போட்டுக்கப் போறான்" என்று என் மகள் சத்தம் போடுவாள். போடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அவர்கள் போன பிறகு திரும்பவும் கதவோரம் வைத்துவிடுவேன்.

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்கு முதல் ஷிப்ட் வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போக எங்கள் கம்பெனி கார் ஏற்பாடு செய்திருந்தது. ஒரு டிராவல்ஸ்காரரின் வண்டி அது. அதை ஓட்டியவரை நாங்கள் டிரைவர் அண்ணன் என்போம். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். வாலாஜாபாத்துக்காரர். நெற்றியில் விபூதி, காக்கிச் சட்டைப் பையில் ஒரு சீப்பு, வண்டிக்குள் எப்போதும் சாம்பிராணி வாசனை. நாங்கள் மூன்று பேர் அந்தக் காரில் போய் வந்தோம். பின் சீட்டில் வலது பக்கம், அவருக்கு நேர் பின்னால், மணிமங்கலத்தில் பிறந்து வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவள். இடது பக்கம், தோழிகளோடு அறை எடுத்துத் தங்கியிருந்த தென்காசிப் பெண். அவர்கள் இருவரும் ஏறியதிலிருந்து இறங்கும்வரை பேசுவார்கள். உற்பத்தி லைனில் சூப்பர்வைசர் என்ன சொன்னான், கேண்டீன் சாம்பாரில் என்ன கிடந்தது, யாருக்கு ஓ.டி. கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை. எனக்கு அந்த வேகத்துக்குப் பேச வராது. அதனால் முன் சீட்டு, டிரைவர் அண்ணனுக்கு இடப்புறம், எனக்கு என்று ஆகிவிட்டது.

அந்த முன் சீட்டு எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அவர்தான். வழியெல்லாம் கேள்வி கேட்டுக் குடைகிற ஆள் இல்லை. பின்னால் அந்த இருவரின் பேச்சு சூடுபிடித்த பிறகு, அந்தச் சத்தத்தின் மறைவில், நான் மெதுவாக அவரிடம் பேசத் தொடங்கினேன். எப்படித் தொடங்கியது என்று நினைவில்லை. என் மகள் என்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போனது, அதற்குப் பிறகு ஒரு போன்கூடச் செய்யாதது, தீபாவளிக்கு அவள் அளவில் புடவை வாங்கி பீரோவில் வைத்திருப்பது, பக்கத்து வீட்டில் போன் அடித்தால்கூட நான் எழுந்து நிற்பது. கணவரை இழந்த பிறகு இதையெல்லாம் நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவர் சாலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொள்வார். நடுநடுவே ஒரு தலையாட்டல். பாவம் என்றதில்லை, புத்தி சொன்னதில்லை, உன் வளர்ப்பு சரியில்லை என்றதில்லை. இப்படியும் ஒரு மனிதர் இருப்பாரா என்று நினைத்துக்கொள்வேன். இறங்கும்போது மனசு லேசாக இருக்கும். அவர் வண்டி ஓட்டுகிற விதத்தையும் சொல்ல வேண்டும். இடது பக்கக் கண்ணாடியை அவர் பார்ப்பதுபோல் பார்க்கிற டிரைவரை நான் கண்டதில்லை. லாரியும் டிரெய்லரும் புகுந்து புகுந்து வருகிற அந்தச் சாலையில், மூச்சு விடுவதுபோல் அடிக்கடி இடப்பக்கம் திரும்பிப் பார்ப்பார். எவ்வளவு கவனம் என்று வியந்திருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் சர்வீஸ் ரோடெல்லாம் தண்ணீர் நின்றது. எங்கள் கார் தினமும் அதில் இறங்கி ஏறியது. மழை விட்டுக் கொஞ்ச நாளில் வண்டியில் ஒரு சத்தம் வந்தது. மெதுவாகப் போகும்போது இல்லை. வேகம் கூடினால் தூரத்தில் மாவு மில் ஓடுகிறதுபோல் ஊம் என்று கிளம்பும், வேகம் குறைந்தால் அடங்கும்.

"அண்ணாச்சி, வண்டிக்குள்ள வண்டு எதும் பூந்துட்டா?" என்றாள் தென்காசிப் பெண். அவள் குரல் ஊருக்கே கேட்கும் குரல்.

"வண்டு இல்லடி, நீ வுடுற கொறட்ட. நேத்து வுட்டது இன்னும் வண்டியிலயே கீது" என்றாள் மணிமங்கலத்துக்காரி.

டிரைவர் அண்ணன் சிரித்தார். ரோடு புதிதாகப் போட்டிருக்கிறார்கள், ஜல்லி தூக்கிக்கொண்டிருக்கிறது, அதுதான் என்றார். ஜல்லி இல்லாத ரோட்டிலும் சத்தம் வந்தது. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும் என்று முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டார். டயர் இடம் மாறியது, சத்தம் இடம் மாறவில்லை. அப்படியென்றால் டயர் இல்லை, ஹப்தான் என்று முடிவுக்கு வந்தார். எந்த ஹப் என்பதுதான் கேள்வி. மணிமங்கலத்துக்காரி ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தாள். "அண்ணா, வலக்கைப் பக்கம் வளைஞ்சா கத்துது, இடக்கைப் பக்கம் வளைஞ்சா கம்முனு ஆயிடுது, பாத்தியா?" என்றாள். "பாத்தேன் பாத்தேன். வலப்பக்கம்தான். எனக்கும் அங்கதான் கேக்குது" என்றார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் முதுகுக்குப் பின்னால், இடப்பக்கத்திலிருந்துதான் வருவதாகத் தோன்றியது. என் வழக்கப்படி மெதுவாகச் சொன்னேன். "இடது பக்கம்னு நெனைக்கிறேண்ணா." அவர் தலையாட்டினார்.

திங்கட்கிழமை காலை அவர் முகம் தெளிவாக இருந்தது. "ஞாயித்துக்கெழம வண்டிய வுட்டு ரைட் சைடு பின்னாடி ஹப்ப மாத்தியாச்சு. இனிமே உங்களுக்குத் தாலாட்டு கெடையாது" என்றார். ஊரைத் தாண்டி வண்டி வேகம் பிடித்தது. ஊம் என்று அதே சத்தம். தென்காசிப் பெண், "அண்ணாச்சி, தாலாட்டு நிக்கலியே. இந்தா, என் காலுக்கு அடியிலல்லா கேக்கு. உங்களுக்குக் காது கேக்கலியோ?" என்றாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். அவளுடைய எல்லா வேடிக்கைக்கும் சிரிக்கிற மனிதர் அன்று சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த விரல்கள் இறுகியதைப் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். "வண்டி ஓட்டுறவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்றார். அவர் அப்படிக் கடிந்து பேசியது அதுதான் முதல் தடவை. தென்காசிப் பெண் வாலாஜாபாத் திரும்பும்வரை அவரிடம் பேசவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மதியம் ஷிப்ட் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரகடம் கூட்டுரோடு தாண்டியதும் அந்த ஊம் சத்தம் கரகரப்பாக மாறியது. சீட்டுக்கு அடியில் யாரோ கல்லை வைத்துத் தேய்ப்பதுபோல் ஓர் அதிர்வு முதுகில் ஏறியது. எங்கள் லைனில் புதிதாகச் சேரும் யாருக்கும் முதலில் சொல்லிக் கொடுக்கிற ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் நிறுத்து, கூப்பிடு, காத்திரு. நான் சீட்டு கட்டுவதோடு சரி, யாரையும் கூப்பிட்டு லைனை நிறுத்தியதில்லை. அந்தக் கூச்சத்தோடுதான், "அண்ணா, வண்டிய நிறுத்துங்க" என்றேன். அவர் ஓட்டிக்கொண்டே போனார். "அண்ணா, நிறுத்துங்கண்ணா" என்றேன், இன்னும் கொஞ்சம் உரக்க. சாலையைப் பார்த்தபடி அவர் தலையாட்டினார். என்னிடம் மாதக்கணக்காக ஆட்டிய அதே தலையாட்டல். வண்டியின் வேகமோ குறையவில்லை. பின்னாலிருந்து மணிமங்கலத்துக்காரி, "யோவ் அண்ணா, நிறுத்துய்யா வண்டிய! சக்கரம் பிச்சிக்கப் போவுது!" என்று அவர் வலது காதுக்குள் கத்தினாள். உடனே ஓரம் கட்டினார்.

இறங்கி, வலது பின் சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்த்தார். சும்மா இருந்தது. இடது பக்கம் வந்து கை வைத்தவர் சட்டென்று எடுத்துக்கொண்டார். அவ்வளவு சூடு. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். சக்கரம் டொக் டொக் என்று ஆடியது. ஆடவே கூடாது. பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இன்னொரு கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்தார். நல்ல ஹப்பாக இருந்தால் ஸ்பிரிங் அமைதியாக இருக்கும், தேய்ந்திருந்தால் கரகரப்பு கைக்கு ஏறும். அவர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் அப்படியே பிடித்திருந்தார். எழுந்து மெக்கானிக்குக்கு போன் செய்து புது ஹப்போடு வரச் சொல்லிவிட்டு, புளியமரத்தடியில் ஒரு கல்லின் மேல் போய் உட்கார்ந்தார்.

"பஸ்ட்டே ஜாக்கி போட்டு ரெண்டு பக்கமும் பாத்திருக்கலாம் இல்ல? இன்னாத்துக்கு ரைட்டு ரைட்டுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு?" என்று மணிமங்கலத்துக்காரி என்னிடம் பொருமினாள். நான் அவர் அருகே போனேன். இடப்பக்கமாக நின்று, "அண்ணா" என்றேன். அவர் திரும்பவில்லை. வேண்டுமென்றே அல்ல. அவர் கண் சாலையில் போகிற லாரிகளில் இருந்தது. நான் பின்னால் சுற்றி அவருடைய வலப்பக்கம் வந்து, அதே குரலில், "அண்ணா" என்றேன். "சொல்லும்மா" என்று திரும்பினார். திரும்பியவர், நான் எங்கிருந்து எங்கே வந்து நிற்கிறேன் என்பதையும், பின்னால் அந்த இருவரும் பார்த்துக்கொண்டு நிற்பதையும் கண்டார். தென்காசிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்ததாம். காய்ச்சல் போனபோது இடது காதையும் கொண்டுபோய்விட்டதாம். ஒரு காது மட்டும் கேட்டால் சத்தம் எங்கிருந்து வந்தாலும் கேட்கிற காதுப் பக்கமே இருப்பதுபோல்தான் தோன்றும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஹப் சத்தம் வந்தபோது அது அவருக்கு மறந்துபோயிருந்தது. இல்லை, நினைக்கப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். "பொம்பளப் புள்ளைங்கள ஏத்துற வண்டி. தெரிஞ்சா அன்னிக்கே சாவிய வாங்கிக்குவாங்க. எனக்கு வண்டி ஓட்டறதத் தவிர வேற இன்னா தெரியும்? அதான் கண்ணாலயே கேட்டுக்கினு ஓட்டிட்டேன்" என்றார். அந்த இடது கண்ணாடி எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மணிமங்கலத்துக்காரி விடவில்லை. "எங்க உசுரு உனக்கு வெளையாட்டா? எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது" என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணில் தண்ணீர். தென்காசிப் பெண், "அண்ணாச்சி பாவம்க்கா, யார்ட்டயும் சொல்லாண்டாம்க்கா" என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். "நீ சொல்லுக்கா. நீதான முன்னாடி குந்திக்கினு வர" என்றாள் மணிமங்கலத்துக்காரி. அவர் தலையைக் குனிந்தபடி, எங்கள் கம்பெனி வழக்கத்தைப் பின் சீட்டுப் பேச்சிலிருந்து கேட்டுக் கேட்டு அறிந்தவராக, "இன்னாம்மா, செவப்புச் சீட்டா?" என்று கேட்டார்.

எங்கள் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் இரண்டு நிறச் சீட்டுகள் உண்டு. சிவப்பு கட்டினால் அந்தப் பாகம் கழிவு, உடைத்துவிடுவார்கள். மஞ்சள் கட்டினால் நிறுத்திவைக்க வேண்டும் என்று அர்த்தம். பரிசோதித்து, சரிசெய்ய முடிந்தால் சரிசெய்து, எங்கே பொருந்துமோ அங்கே அனுப்புவார்கள். சீட்டு எதுவானாலும் ஒளித்துவைக்க மட்டும் கூடாது. லாரிகள் போய்க்கொண்டிருந்த அந்தச் சாலையில், அவருடைய வலது காது கேட்கும்படி, என் வாழ்க்கையில் பேசாத சத்தத்தில் சொன்னேன். "மஞ்சள்தாண்ணா. ஆனா நீங்களேதான் ஆபீஸ்ல சொல்லணும். நாங்க மூணு பேரும் கூட வந்து நிக்கிறோம்." அவர் தலையாட்டினார். இந்தத் தலையாட்டல் நான் சொன்னதைக் கேட்டு ஆட்டியது.

மெக்கானிக் பைக்கில் வந்தார். "நீதானண்ணா ரைட்டுன்னு அடிச்சுச் சொன்ன" என்று முணுமுணுத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார். வலப்பக்கம் வளையும்போது பாரம் இடது சக்கரத்தின் மேல் ஏறும், அதனால்தான் அப்போது கத்தியது என்று மணிமங்கலத்துக்காரிக்கு விளக்கினார். ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி நடு நட்டைக் கழற்றி ஹப்பை உருவினார். உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பிடித்த செந்நிறக் குழம்பு. தேங்கிய மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அவர் அதைச் சாலையோரம் எறிந்தார். நான் போய் எடுத்துக்கொண்டேன். பழுதான பாகத்தைக் காரணம் பார்க்காமல் எறியக் கூடாது என்பது கையில் ஊறிவிட்ட பழக்கம். மஞ்சள் சீட்டு ஒன்று என் பையில் கிடந்தது. அந்த ஹப்புக்குச் சிவப்புதான் சரி. இருந்தாலும் இருந்ததைக் கட்டினேன்.

புது ஹப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது நான் அவர் பக்கத்தில், வலப்புறமாகத்தான், உட்கார்ந்திருந்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்போ நான் சொன்னது எதுவுமே உங்களுக்குக் கேக்கலியாண்ணா?"

அவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "நீ ஏதோ பேசிக்கினு வரேன்னு தெரியும்மா. கண்ணாடியப் பாக்கத் திரும்பறப்ப உன் வாய் அசையறது தெரியும். இன்னான்னு கேட்டா மாட்டிக்குவேனே. அதான் தலைய ஆட்டிடுவேன். தப்பா எடுத்துக்காத." வலது காதை என் பக்கம் சாய்த்து, "இப்ப சொல்லு. இன்னா அது?" என்றார்.

அத்தனை மாதப் பேச்சை எங்கிருந்து தொடங்குவது? எனக்குச் சிரிப்பு வந்தது. நான் கண்டுவைத்திருந்த அந்த மனிதர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றும் திருப்பிக் கேட்காதவர், அந்த வண்டியில் இருந்ததே இல்லை. அவர் இடத்தில் தன் பயத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு இன்னொருவர் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறியாமல் அத்தனை தூரம் போய் வந்திருக்கிறோம். "பெருசா ஒண்ணும் இல்லண்ணா. என் பொண்ணு போன் பண்றதில்ல, அதான்" என்றேன்.

"நீ பண்ணியா?" என்று கேட்டார்.

காதில் விழுந்திருந்தால் முதல் நாளே இதைத்தான் கேட்டிருப்பார் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். மெக்கானிக் நட்டை முறுக்கி முடித்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, "கை வச்சுப் பாருண்ணா" என்றார். அவர் எழுந்து போய் ஸ்பிரிங்கைப் பிடித்துப் பார்த்தார். முகம் மெல்லத் தளர்ந்தது.

இப்போது அவர் லோடு வண்டி ஓட்டுகிறார். சீட்டுக்கான ஃபோம் ஏற்றிக்கொண்டு ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் நடுவே போய் வருகிறார். காதில் சின்ன மிஷின் இருக்கிறது, இடது காதுக்கு அதனால் பெரிதாகப் பயன் இல்லையாம். டீக்கடையில் கண்டால் நான் போய் அவருடைய வலப்பக்கம் நிற்பேன். "ஃபோம் பேசாதும்மா, நிம்மதி" என்பார். அந்த நிம்மதி பொய் என்று இருவருக்கும் தெரியும். பிறகு, "பொண்ணு வந்துச்சா?" என்பார். வந்தாள், பேரனும் வந்தான், அந்த ஹப்பை உருட்டித் தரையெல்லாம் கீறிவிட்டான் என்பேன். "இன்னும் அத வச்சிக்கினு கீறியா?" என்று சிரிப்பார். மஞ்சள் சீட்டில் காரணம் எழுதுகிற இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. எழுதலாம் என்று சில தடவை எடுத்திருக்கிறேன். விரலால் ஒரு சுற்று சுற்றி, அந்தக் கரகரப்பைக் கேட்டுவிட்டு, கதவோரம் வைத்துவிடுகிறேன்.

அந்தப் புளியமரத்தடியில் நின்ற நாளுக்கு மறுநாள் காலை அவர் கம்பெனி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் சொன்னார். நாங்கள் மூவரும் பின்னால் நின்றோம். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மதியம் எங்களை ஏற்றிப் போக வேறு டிரைவர் வந்தார். வண்டியில் சத்தமே இல்லை.